வெள்ளித் தட்டு: மால்டாவில் ஐந்து நாள்

செப்டம்பர் 5, 2024, வியாழன் – வலெட்டா

பெட்டி வரவில்லை. சென்னையில் ஏற்றிய பெட்டி நடுவில் விமானம் மாறிய ஊரிலேயே தங்கிவிட்டது. பெல்ட் சுற்றி நின்றபின் மிச்சமிருந்தது நானும் ஒரு இத்தாலிக்காரரும்தான். புகார் எழுதிக்கொண்ட பெண், நாளையோ மறுநாளோ வந்துவிடும் என்றாள். துணிமணி பற்றி எனக்குக் கவலையில்லை. பிரஷர் மாத்திரை மொத்தமும் அதற்குள் இருந்தது.

வெளியே தங்கை மகன் காத்திருந்தான். இங்கே வந்து மூன்று வருடமாகிறது. கல்யாணம், மாநாடு என்று பெரிய விருந்துகளுக்கு மேசை போட்டுப் பரிமாறும் கேட்டரிங் வேலை. "பெரியம்மா, மொதல்ல ஏதாவது சாப்பிடுங்க, அப்புறம் யோசிப்போம்" என்று மால்டாவின் தலைநகர் வலெட்டாவின் வாசல் பக்கம் ஒரு கடைக்குக் கூட்டிப்போனான். பஸ்திட்ஸி, ஒன்று 80 சென்ட். நம்ம பேக்கரி பஃப்ஸ் போல அடுக்கடுக்காக நொறுங்கும் மாவு, படகு வடிவம். ஒன்றில் ரிக்கோட்டா என்கிற பால்கட்டி, இன்னொன்றில் பட்டாணி மசியல். பட்டாணியில் மிளகு தூக்கலாக இருந்தது, எனக்கு அதுதான் பிடித்தது. டீயைக் கண்ணாடி டம்ளரில், டின் பால் ஊற்றிக் கொடுத்தார்கள். தூக்கம் கெட்ட வாய்க்குக் கடலூர் பஸ் ஸ்டாண்டு டீ போலவே இறங்கியது.

மாத்திரைக்காக மெடிக்கல் தேடினோம். சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்று அந்தப் பெண் சொன்னதோடு நிறுத்தவில்லை. "உட்காருங்கள், ஐந்து மணிக்கு டாக்டர் வருவார்" என்று நாற்காலி இழுத்துப்போட்டாள். இந்த ஊரில் டாக்டர்கள் மருந்துக்கடைக்குள்ளேயே ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வந்தவர் எழுபது தாண்டியவர். பிரஷர் 160-க்கு 100. அம்லோடிபின் எழுதினார். ஃபீஸ் 15 யூரோ. நான் நர்ஸ் என்று தெரிந்ததும், எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். என்னோடு வாசல் வரைக்கும் வந்து தெருவைக் காட்டினார். "நேராகக் கீழே போங்கள். தெரு முடிந்து கடல் தெரிகிற இடத்தில் இருக்கிறது."

நான் பார்க்க வந்தது, ஒரு துறவிச் சபை இந்த ஊரில் கட்டிய பழைய மருத்துவமனை வார்டை. நர்சிங் முதல் வருடத்தில் நர்சிங் வரலாறு என்று ஒரு பாடம் உண்டு. இடைக்காலம் என்ற தலைப்பின் கீழ், சிலுவைப்போர்க் காலத்தில் துறவும் போரும் சேர்ந்து செய்த மூன்று சபைகளின் பெயர் வரும். அதில் முதலாவது புனித யோவான் மருத்துவமனைச் சபை. ஐந்து மார்க் கேள்வி. அப்போது மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போனேன். இருபத்தாறு வருடம் அரசு வேலை பார்த்து ஓய்வு பெற்றபின்தான் அவர்களைப் பற்றி உட்கார்ந்து படித்தேன்.

அவர்கள் ஆரம்பத்தில் வாள் பிடித்தவர்களே இல்லை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியின் அமால்ஃபி ஊர் வணிகர்கள் எருசலேமில் யாத்திரிகர்களுக்கு ஒரு விடுதி நடத்தினார்கள். அதன் பொறுப்பில் ஜெரார்டு என்ற சகோதரர் இருந்தார். 1099-ல் சிலுவைப்படை எருசலேமைப் பிடித்தபின் இவர்களுக்கு நிலமும் காணிக்கையும் குவிந்தன. 1113-ல் போப் இரண்டாம் பஸ்கால் தனிச் சபையாக அங்கீகரித்துச் சாசனம் கொடுத்தார். அந்தச் சாசனம் இதே வலெட்டாவின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நோயாளிகளை இவர்கள் அழைத்த பெயர் "எங்கள் எஜமானர்களான நோயாளிகள்". சும்மா பேச்சுக்குச் சொன்னதில்லை. 1182-ல் எழுதிய விதிகளைப் படித்தால் தெரியும். நான்கு மருத்துவர்கள் இருக்க வேண்டும். கட்டில் தாராளமான நீள அகலத்தில் இருக்க வேண்டும். யாத்திரை வந்த இடத்தில் பிரசவித்த பெண்களின் குழந்தைக்குத் தனித் தொட்டில். நோயாளி எழுந்து கழிப்பறைக்குப் போய்வர ஆட்டுத்தோல் மேலாடை, காலுக்குப் பூட்ஸ், தலைக்குக் கம்பளிக் குல்லா.

அந்தக் கடைசி வரியைப் படித்த அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு ஒரு கிழவர் கட்டிலைவிட்டு இறங்கிக் குளிரில் நடுங்கியதைப் பார்த்தவர்தான் இதை எழுதியிருக்க முடியும்.

செப்டம்பர் 6, வெள்ளி – புனித யோவான் இணைப் பேராலயம்

பெட்டி இன்னும் வரவில்லை. தங்கை மகன் கூட வேலை செய்யும் ஒரு மலையாளிப் பெண் தன்னுடைய இரண்டு சுடிதார்களைக் கொடுத்தனுப்பியிருந்தாள். என்னை அவள் பார்த்ததுகூட இல்லை.

புழுக்கம் நம்ம ஊர் புரட்டாசிப் புழுக்கம்தான். ஆப்பிரிக்கப் பக்கமிருந்து அடிக்கும் ஈரக்காற்றுக்கு இங்கே ஷ்லொக் என்று பெயர். அது அடித்தால் சுவர்கூட வேர்க்கும் என்றார் என் விடுதிக்காரம்மா. தேன் நிறக் கல்லால் கட்டிய நகரம். நேர்நேராகத் தெருக்கள், பாதித் தெரு படிக்கட்டு, மரத்தால் மூடிய பலகணிகள். பேச்சைக் கேட்டால் அரபு போல ஒலிக்கிறது, எழுத்து ரோமன். கத்தோலிக்கர்களே நிறைந்த இந்த ஊரில் கடவுளை "அல்லா" என்றுதான் ஜெபிக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் "மேலா" என்கிறார்கள். நம்ம "சரி", "ஆமா", "பின்னே?" மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடக்கம்.

பேராலயத்துக்கு 15 யூரோ. வெளியே கோட்டைச் சுவர் போல மொட்டையாக நிற்கிறது. உள்ளே காலடி எடுத்துவைத்தால் ஒரு சாண் இடம் விடாமல் தங்கம். தரை முழுக்கச் சமாதிக் கற்கள், ஏறக்குறைய 400. ஒவ்வொன்றும் பல நிறச் சலவைக்கல்லை வெட்டிப் பதித்துச் செய்தது. கீழே எலும்புக்கூடு மணற்கடிகாரத்தைத் தூக்கிப் பிடிக்கிறது, மேலே சபை வீரரின் குலச்சின்னம். கல் உடையும் என்று குதி ஒல்லியான செருப்புக்கு அனுமதியில்லை.

சபையில் சேர்ந்தவர்களைப் பேசும் மொழியை வைத்து எட்டுக் குழுவாகப் பிரித்திருந்தார்கள். புரோவன்ஸ், ஓவர்ன், பிரான்ஸ், இத்தாலி, அரகோன், காஸ்டில், ஜெர்மனி, இங்கிலாந்து. எட்டாம் ஹென்றி காலத்தோடு இங்கிலாந்துக் குழு நசிந்துபோனது. பேராலயத்தின் பக்கவாட்டில் குழுவுக்கொரு சிற்றாலயம். வீரராகச் சேர உயர்குடிப் பிறப்பு வேண்டும், அதற்குப் பரம்பரைச் சான்று கொடுக்க வேண்டும். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குறுதி. ஏழ்மை வாக்குக் கொடுத்தவர்களின் தரை இது என்று நினைத்துக்கொண்டே நடந்தேன். கோபம்தான் வந்தது.

எங்கும் எட்டு முனை வெள்ளைச் சிலுவை. இதை நான் கடலூரிலேயே பார்த்திருக்கிறேன். கண்டக்டர் லைசென்ஸுக்கு முதலுதவிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் கையில் இருக்குமே, செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் முத்திரை, அதே சிலுவை. 1877-ல் இங்கிலாந்தில் அந்த அமைப்பைத் தொடங்கியவர்கள் இந்தப் பழைய சபையின் பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஓவியம் பக்கத்து அறையில். இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-ல் வரைந்த திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு. ஐந்து மீட்டருக்கு மேல் அகலம், அதில் பாதி இருட்டு. கொலைகாரன் வேலையை இன்னும் முடிக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் சொருகிய கத்தியை உருவக் கை போகிறது. ஒரு கிழவி மட்டும் இரண்டு கையாலும் தன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தக் கை எனக்குத் தெரியும். விபத்து கேஸ் வரும் இரவுகளில் வாசலில் நிற்கும் அம்மாக்களின் கை. யோவானின் கழுத்திலிருந்து வழியும் ரத்தத்திலேயே ஓவியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அவர் வேறெதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.

ரோமில் ஒருவனைக் கொன்றுவிட்டு ஓடி வந்தவர் அவர். சபை அவரை 1608 ஜூலையில் தன்னோடு சேர்த்துக்கொண்டது. சில வாரத்தில் ஒரு சண்டையில் சிக்கிச் சிறைக்குப் போனார், தப்பி ஓடினார். டிசம்பர் 1-ம் தேதி இதே அறையில், இந்த ஓவியத்துக்கு முன்னால் கூடித்தான் அவரை விலக்கினார்கள். "அழுகி நாறும் உறுப்பைப் போல" என்பது தீர்ப்பின் வாசகம். மருத்துவமனைக்காரர்களின் மொழி. தீர்ப்பிலும் அறுவைதான் வந்திருக்கிறது.

இரவு தங்கை மகன் இம்ஆரெத் வாங்கி வந்தான். பேரீச்சம்பழப் பூரணம் வைத்து எண்ணெயில் பொரித்தது. சோம்பு வாசனை. சோமாசியை நீளவாக்கில் நறுக்கினால் எப்படியோ அப்படி.

செப்டம்பர் 7, சனி – பிர்கு

காலையில் பெட்டி வந்துவிட்டது. ஒரு சக்கரத்தைக் காணோம். மாத்திரை பத்திரம்.

துறைமுகத்தைக் கடந்து பிர்குவுக்குப் போக சின்னத் தோணி உண்டு, இரண்டு யூரோ. நுனி இரண்டும் தூக்கி, கண்ணைப் பறிக்கும் வண்ணம் பூசியது. படகுக்காரர் என் கையைப் பிடித்து ஏற்றியவர், கரை வரும் வரை நான் பிடித்த இடத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சபையின் கையைவிட்டு எருசலேம் 1187-ல் போயிற்று. ஆக்கர் துறைமுகம் 1291-ல். பிறகு சைப்ரஸ். பிறகு ரோட்ஸ் தீவு, அங்கே இருநூறு வருடம். 1312-ல் இன்னொரு வீரத்துறவிச் சபையான டெம்ப்ளர் சபையைப் போப் கலைத்தபோது அவர்கள் சொத்தில் பெரும்பகுதி இவர்களுக்கு வந்தது. 1480-ல் துருக்கிய முற்றுகையைத் தாங்கினார்கள். 1522-ல் சுல்தான் சுலைமான் நேரில் வந்தபோது ஆறு மாதம் தாங்கிவிட்டுச் சரணடைந்தார்கள். 1523 புத்தாண்டன்று கப்பலேறி, ஏழு வருடம் இடமில்லாமல் அலைந்தார்கள். 1530-ல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் மால்டாவைக் கொடுத்தார். வாடகை வருடத்துக்கு ஒரு ராஜாளிப் பறவை. மால்டா ஜனங்களை யாரும் கேட்கவில்லை.

வந்து இறங்கிய இடம் இந்த பிர்கு. சந்து சந்தாக ஊர், ஒவ்வொரு ஜன்னலிலும் ஜெரேனியத் தொட்டி. 1532-ல் இங்கே அவர்கள் முதலில் கட்டியவற்றில் ஒன்று மருத்துவமனை. எனக்கு அவர்கள்மேல் இருக்கும் மரியாதை அதனால்தான். தோற்று, நாடிழந்து, கல்லும் முள்ளுமான தீவில் இறங்கியவர்கள் இரண்டு வருடத்தில் வார்டு போட்டுவிட்டார்கள். அந்தக் கட்டடம் இப்போது பெனடிக்ட் சபைக் கன்னியாஸ்திரிகளின் மடம். உள்ளே விடமாட்டார்கள். கதவைத் தொட்டுவிட்டு வந்தேன்.

பசிக்கு ஒரு சின்ன ஓட்டலில் லம்பூகி மீன் பை. கீரை, ஆலிவ், காய் எல்லாம் போட்டு மாவுக்குள் மூடிச் சுட்டது, 9 யூரோ. ஆகஸ்டு பாதிக்குமேல் இந்த மீனுக்குப் பருவம். பனையோலையை மிதவையில் கட்டிக் கடலில் விடுவார்களாம். நிழலுக்கு மீன் வந்து சேர, சுற்றி வலை போடுவார்கள். பரிமாறிய அம்மா இதைச் சொல்லும்போது கையாலேயே ஓலையை விரித்துக் காட்டினாள். எங்கள் தேவனாம்பட்டினத்து மீன்காரம்மாக்கள் பேசுகிற கை.

சான் ஆஞ்சலோ கோட்டை மேலிருந்து பார்த்தால் எதிர்க்கரையில், நாக்கு நுனியில், செயின்ட் எல்மோ கோட்டை. 1565 மே 18 அன்று தீவை முற்றுகையிட வந்த துருக்கியக் கப்பல்கள் கண்ணில்பட்டன. செயின்ட் எல்மோ ஒரு மாதம் தாங்கி ஜூன் 23-ல் விழுந்தது. உள்ளே ஏறக்குறைய 1500 பேர் செத்தார்கள். துருக்கியர் இறந்த வீரர்களின் உடலைச் சிலுவை போல மரத்தில் கட்டி இந்தத் தண்ணீரில் மிதக்கவிட்டார்கள். அவை இந்தக் கரையில் வந்து ஒதுங்கின. சபைத் தலைவர் லா வலெட் பதிலுக்குத் துருக்கியக் கைதிகளின் தலையை வெட்டிப் பீரங்கியில் போட்டு அக்கரைக்குச் சுட்டார்.

அந்த இடத்தில் நின்றபோது வாயில் மீன் சுவை மாறிவிட்டது. அந்த முதிய தலைவர் மருத்துவச் சபையின் தலைவர். நோயாளியை எஜமானர் என்று அழைத்தவர்களின் வாரிசு. இதே லா வலெட் 1541-ல் பிடிபட்டு ஒரு வருடம் துருக்கியக் கப்பலில் துடுப்பு அடிமையாக இருந்தவர். எதிர்ப்பக்கத் தளபதி துர்குத்தும் அதற்குச் சற்றுமுன் ஜெனோவாக்காரர்களிடம் துடுப்பு அடிமையாக இருந்தவரே. சங்கிலியின் எடை இருவருக்கும் தெரியும். அதைத் தெரிந்தவர்கள் இப்படிச் செய்வார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. தெரிந்ததால்தான் செய்தார்கள் என்றும் தோன்றுகிறது.

மாலை வலெட்டாவில் முற்றுகை நினைவுச் சின்னத்துக்கு மலர்வளையம் வைத்தார்கள். மூன்று வெண்கல உருவங்கள். அதன் காலடியில், 2017-ல் கார்க் குண்டில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர் டாஃப்னே கருவானா கலிட்ஸியாவின் படமும் மெழுகுவர்த்திகளும் பூக்களும். ஒரு பெண் வந்து, வாடியதை எடுத்துப் புதுப்பூ வைத்துவிட்டுப் போனாள்.

விடுதிக்குத் திரும்பும்போது படியில் சறுக்கினேன். நானூறு வருடம் மிதிபட்டு வழுவழுத்த கல், அதில் ஷ்லொக் ஈரம். வலது கணுக்கால் மடங்கிவிட்டது. எலும்பு முறிவில்லை என்று தொட்டுப் பார்த்ததில் தெரிந்தது. ஆனால் எழ முடியவில்லை. மேலே பலகணி ஜன்னல் திறந்தது. ஒரு கிழவி மால்ட்டீஸில் ஏதோ கத்தினாள். நான் காலைக் காட்டினேன். ஜன்னல் சாத்திக்கொண்டது. ஐந்து நிமிடம் கழித்து, கயிற்றில் கட்டிய கூடை ஒன்று ஆடி ஆடி இறங்கியது. ரொட்டி வாங்க இறக்குகிற கூடை. உள்ளே துண்டில் சுற்றிய ஐஸ், ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு அத்திப்பழம். படியில் உட்கார்ந்து காலை உயர்த்திவைத்து ஐஸ் ஒத்திக்கொண்டேன். அரைமணி நேரம் அவள் ஜன்னலைவிட்டு நகரவில்லை. வீக்கம் வடிந்து நான் எழுந்து நின்று கும்பிட்டபிறகுதான் கூடையை இழுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு – துறைமுகம்

மாதா பிறந்தநாள். எங்கள் ஊரில் இந்த நேரத்தில் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் சாலையோரமெல்லாம் இருப்பார்கள். தண்ணீர்ப் பந்தலும் மோரும் தயாராக இருக்கும். இங்கே பிர்குவுக்குப் பக்கத்து ஊரான செங்லேயாவில் குழந்தை மாதாவைத் தோளில் தூக்கி வருகிறார்கள். 1565-ல் சிசிலியிலிருந்து உதவிப்படை வந்திறங்க, முற்றுகை நீங்கியதும் இதே நாள். அதனால் தேசிய விடுமுறை. மதியம் படகுப் போட்டி.

கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு, மேல் பராக்கா தோட்டத்தில் கிடைத்த பெஞ்சில் உட்கார்ந்தேன். கீழே துறைமுகம் முழுக்க ஜனம். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு நிறக் கொடி. படகுகள் கிளம்பின. சிலர் உட்கார்ந்து இழுக்க, சிலர் நின்று தள்ளுகிறார்கள். இருபது வயதுப் பையன்கள். தோள் தசை நடுங்குவது மேலிருந்தே தெரிந்தது. தோற்றவனையும் அவன் அம்மா கட்டிக்கொண்டாள்.

இதே தண்ணீரில்தான் சபையின் கேலிகள் நின்றன. கேலி என்றால் துடுப்புப் போர்க்கப்பல். ஒரு துடுப்புக்கு நாலைந்து பேர். பிடிபட்ட முஸ்லிம்கள், தண்டனைக் கைதிகள், கடனை அடைக்கத் தன்னையே விற்றுக்கொண்ட ஏழைகள். சாப்பாடும் தூக்கமும் மலமும் அதே பலகையில். இளம் வீரத்துறவிகள் சபையில் மேலே போகவேண்டுமென்றால் இந்தக் கப்பல்களில் சிலமுறை கடலுக்குப் போய் வந்திருக்க வேண்டும். கொள்ளையில் கிடைத்த மனிதர்களை வலெட்டாவில் விற்றார்கள். அந்தப் பக்கமும் இதுவே நடந்தது: 1551-ல் துர்குத்தின் ஆட்கள் பக்கத்து கோசோ தீவின் ஜனத்தை ஏறக்குறைய முழுவதுமாக, 5000 பேர் வரை, பிடித்துக்கொண்டு போனார்கள். ஆனால் நோயாளியை எஜமான் என்றவர்கள் அதைச் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. அடிமைகளில் சிலரை வார்டில் தரை கழுவவும் சுமை தூக்கவும் வைத்திருந்தார்கள்.

பெஞ்சில் பக்கத்தில் ஒரு பிரெஞ்சுக்காரர், எண்பது வயதிருக்கும். அந்தக் காலத்தில் கடற்படையில் இருந்தவராம். இந்தியாவில் எங்கே என்றார். சென்னைக்குத் தெற்கே கடலூர் என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "குதலூர்? சுஃப்ரேன்?" என்றார். எனக்குப் புரியவில்லை. போனில் எழுதிக் காட்டினார்.

பியேர் ஆந்த்ரே தெ சுஃப்ரேன். பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி, இந்தச் சபையின் வீரர்; இளமையில் மால்டாவின் கேலிகளில் பணியாற்றியவர். 1782-ல் நம் கடலுக்கு வந்து ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸோடு மோதினார். பிப்ரவரியில் சதுரங்கப்பட்டினம், ஜூலையில் நாகப்பட்டினம், செப்டம்பரில் திருகோணமலை. அடுத்த வருடம் ஜூன் 20 அன்று கடலூர். ஹைதர் அலியைச் சந்தித்துப் பேசியவர். நான் பிறந்து வளர்ந்த கடற்கரைக்கு எதிரே எட்டு முனைச் சிலுவை அணிந்த ஒருவர் பீரங்கி வெடித்திருக்கிறார். செயின்ட் டேவிட் கோட்டையின் இடிபாட்டுப் பக்கம் எத்தனை முறை நடந்திருக்கிறேன். ஐம்பத்தெட்டு வயதில், மால்டாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, வேற்று நாட்டுக்காரர் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கிளம்பும்போது அவர் கைத்தடியை நீட்டினார், வைத்துக்கொள்ளுங்கள் என்று. வாங்கவில்லை. அவருக்கும் அந்தப் படிகளில் இறங்க வேண்டுமே.

செப்டம்பர் 9, திங்கள் – சக்ரா இன்ஃபெர்மேரியா

ராத்திரி விமானம். மதியம் தங்கை மகன் வந்தான். "பெரியம்மா, இன்னிக்கு நைட் அங்கதான் எங்களுக்கு டின்னர் செட்டிங். மேனேஜர்கிட்ட கேட்டுட்டேன். வாங்க."

டாக்டர் காட்டிய தெருவின் கடைசியில் இறங்கினோம். வெளியில் பெயர்ப்பலகை மாநாட்டு மையம் என்கிறது. சபை 1574-ல் கட்டத் தொடங்கிய மருத்துவமனை இது, பெயர் சக்ரா இன்ஃபெர்மேரியா. பக்கத்திலேயே துறைமுகம், கப்பலில் வரும் நோயாளியை ஊருக்குள் தூக்கி அலையாமல் நேரே உள்ளே கொண்டுபோகலாம்.

கதவைத் திறந்ததும் நின்றுவிட்டேன். ஒரே வார்டு, 155 மீட்டர். இருபக்கமும் கல்சுவர், மேலே மர உத்தரங்கள், தொலைவில் மறுமுனை சின்னதாகத் தெரிகிறது. பையன்கள் விருந்துக்கு மேசைகளை இரண்டு வரிசையாகப் போட்டு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மேசையாகவே தெரியவில்லை.

ஒரு நோயாளிக்கு ஒரு கட்டில். குளிர்காலத்துக்குக் கம்பளித் திரை, கோடைக்கு மெல்லிய வலை. சுவருக்குள்ளேயே சின்னச் சின்ன மாடம் போலக் கழிப்பறைகள், நோயாளி தூரம் நடக்க வேண்டாம் என்று. மிச்சமிருந்த ஏழு குழுவும் வாரத்தில் ஒவ்வொரு நாளாக முறைவைத்து வந்து, உயர்குடிப் பிள்ளைகள் தம் கையால் உணவு பரிமாறினார்கள். தட்டும் கிண்ணமும் வெள்ளி. பகட்டுக்கு அல்ல, சுத்தமாக இருக்கும், நோயாளிக்கு மரியாதை என்பதற்காக. 1676-ல் உடற்கூறும் அறுவையும் கற்றுத்தர இங்கே பள்ளி தொடங்கியது. கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். வேற்று மதத்தாரையும் சேர்த்தார்கள், தனி வார்டில். பெண்களுக்கு ஊருக்குள் வேறு மருத்துவமனை.

நான் டூட்டி பார்த்த வார்டில் டெங்கு வந்த வருடம் ஒரு கட்டிலில் இரண்டு பேர் படுத்தார்கள். கட்டிலுக்கடியில் பாயில் ஒருவர். தட்டு வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். 1574-ல் ஒருவருக்கு ஒரு கட்டில் என்று நினைத்தவர்களை எப்படிக் கும்பிடாமல் இருப்பது? அந்த வெள்ளி எந்தத் துடுப்பிலிருந்து வந்தது என்று எப்படிக் கேட்காமல் இருப்பது? இரண்டும் ஒரே நெஞ்சில்தான் கிடக்கிறது.

கடைசியில் வார்டும் கெட்டது. 1786-ல் சிறைகளையும் மருத்துவமனைகளையும் பார்த்து எழுதிவந்த ஆங்கிலேயர் ஜான் ஹோவர்டு இங்கே வந்தார். ஊழியர்கள் அழுக்கும் இரக்கமின்மையுமாக இருக்கிறார்கள், நாற்றத்தை மறைக்க வாசனைப்புகை போடுகிறார்கள், சபைத் தலைவரின் லாயத்துக் குதிரைகளுக்கு இதைவிட நல்ல கவனிப்பு என்று எழுதினார். பன்னிரண்டு வருடத்தில், 1798 ஜூனில், எகிப்துக்குப் போகும் வழியில் நெப்போலியன் வந்தார். இருநூற்று அறுபத்தெட்டு வருடம் ஆண்டவர்கள் சில நாளில் தீவை ஒப்படைத்தார்கள். வார்டின் வெள்ளியையும் பிரெஞ்சுக்காரர்கள் எடுத்து உருக்கினார்கள். அடிமைகளை விடுவித்தவரும் அதே நெப்போலியன்தான்.

சபை இன்றும் இருக்கிறது. தலைமையிடம் ரோமில். நாடு கிடையாது, படை கிடையாது. ஆனாலும் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளோடு தூதரக உறவு. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார்கள். பெத்லகேமில் ஒரு பிரசவ மருத்துவமனை நடத்துகிறார்கள், ஆரம்பித்த எருசலேமுக்குப் பக்கத்திலேயே. அந்தச் செய்தியைப் படித்தபோது 1182-ன் தொட்டில்தான் நினைவுக்கு வந்தது.

இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து பார்க்க ஆசை. கால் வலியோடு, டூட்டியில் நடப்பது போல இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே போனேன். 271 எட்டு. இரவில் கையில் எண்ணெய் விளக்கோடு ஒருவர் இதை எத்தனை முறை நடந்திருப்பார்! நடுவழியில் சுவரில் ஒரு மாடத்தருகே நின்று கல்லில் கை வைத்தேன். மாவு போல உள்ளங்கையில் ஒட்டியது.

திரும்பி வரும்போது பையன்கள் தட்டு வைக்க ஆரம்பித்திருந்தார்கள். தங்கை மகன் ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, வெளிச்சத்தில் பார்த்து, விளிம்பில் விரல் படாமல் வைத்தான். வெள்ளைப் பீங்கான். ஒன்றை என் கையில் கொடுத்தான், "பெரியம்மா, இதை அந்த ஓரத்துல வைங்களேன்" என்று. துடைத்து, வைத்தேன்.